மலையிலிருந்து புந்தலவுக்கு: பறவை பார்க்கப் போகிறவர்களுக்கு

எங்கள் பண்டாரவளைப் பக்கத்து ஆட்கள் கீழே இறங்கினால் கதிர்காமம், மிஞ்சினால் யால. சிறுத்தை தெரியவில்லை என்று சலிப்போடு திரும்பி வருகிறார்கள். அந்தப் பயணத்திலேயே ஒரு காலையைப் புந்தலவுக்கு ஒதுக்குங்கள். தென்கரையோரத்துத் தேசியப் பூங்கா அது. 1990இல் இலங்கையின் முதலாவது ராம்சார் ஈரநிலமாக, அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, அறிவிக்கப்பட்ட இடம்.

வலசைப் பறவைகள் செப்டெம்பரில் வரத் தொடங்கி மார்ச் வரை தங்கும். ஜனவரி, பெப்ரவரியில் போவதையே நான் விரும்புவேன். வெல்லவாயவில் பஸ் மாறி, முதல் நாள் மாலையே திஸ்ஸமகாராம போய்த் தங்கிவிடுங்கள். ஜீப் பேசும்போது புந்தல என்று அழுத்திச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் யாலவுக்கென்றே நினைத்துக்கொள்வார்கள். காலை ஆறு மணிக்கு வாசலில் நிற்க வேண்டும். ஒன்பது மணிக்கெல்லாம் வெயில் நம் மலை உடம்புக்குத் தாங்காது. தொப்பி, முழுக்கைச் சட்டை, நிறையத் தண்ணீர், ரொட்டியும் கட்டச் சம்பலும் போதும். தொலைநோக்கியை மட்டும் இரவல் வாங்கியாவது கொண்டு போங்கள்.

களப்பை, அதாவது கடலோர உவர்நீர் ஏரியை, கண்டதும் கண்ணை அலையவிடாதீர்கள். கரையிலிருந்து ஆழத்தை நோக்கி மெல்ல நகர்த்துங்கள். ஈரச் சேற்றில் ஓடி ஓடிக் கொத்துபவை சிறிய உள்ளான்கள். சற்றுத் தள்ளி, மெல்லிய சிவந்த காலில் நிற்பது நெடுங்கால் உள்ளான். அலகைப் பக்கவாட்டில் வீசித் துழாவினால் அது கரண்டிவாயன். பாதி திறந்த அலகை நீருக்குள் வைத்தபடி மீனுக்குக் காத்திருப்பது சங்குவளை நாரை. நடுநீரில் மிதப்பவை கூழைக்கடாக்கள். கால் நீளத்தையும் அலகையும் பார்க்கப் பழகிவிட்டால், பெயர் தெரியாத பறவை என்ன தின்கிறது என்பதுகூடப் பிடிபடும்.

பூநாரைக்காக மட்டும் போகாதீர்கள். ஒரு காலத்தில் இங்கே பெருங்கூட்டமாக வந்தவை அவை. உப்பு நீரில் வாழும் சிற்றுயிர்களே அவற்றின் உணவு. லுணுகம்வெஹெர நீர்த்தேக்கத் திட்டத்தின் வயல்களில் இருந்து வடியும் நன்னீர் எம்பிலிகல, மலல களப்புகளில் சேர்ந்து உப்பைக் குறைத்துவிட்டது, பூநாரைகளும் குறைந்தன. அந்த நீர்த்தேக்கத்தை நிரப்புவது, நம் மலையில் பிறக்கும் கிரிந்தி ஓயா. வழியில் நாம் படம் எடுக்கும் ராவணா நீர்வீழ்ச்சியின் தண்ணீரும் அதில்தான் போய்ச் சேர்கிறது. நம் ஊர் ஓடையில் போத்தலையும் பொலித்தீனையும் போடுகிறவர்களை ஒருமுறையாவது இங்கே அழைத்துவர வேண்டும் என்பது என் ஆசை.

சாரதி அண்ணனிடம் “ஹெமின் யன்ன” (மெதுவாகப் போங்கள்) என்று புறப்படும்போதே சிங்களத்தில் சொல்லிவையுங்கள். கூட்டத்தைக் கண்டால் தூரத்திலேயே என்ஜினை நிறுத்தச் சொல்லுங்கள். நல்ல படம் வேண்டும் என்று பறவைகளைக் கிளப்பிவிடாதீர்கள். நெடுந்தூரம் பறந்து வந்தவை, மீண்டும் பறப்பதற்காகத் தின்றுகொண்டிருக்கின்றன. வழிகாட்டி அனுமதிக்காத இடத்தில் இறங்கக் கூடாது. நீரோரத்தில் முதலைகள் உண்டு.

திரும்பும் வழியில் வீரவில குளக்கரையில் சற்று நில்லுங்கள். அங்கே டிக்கெட் இல்லாமலே கூழைக்கடாவையும் நாரையையும் பார்க்கலாம். மாலையானால் வெல்லவாயவில் இருந்து மேலே ஏறும் பஸ்கள் குறைந்துவிடும். அதை மனத்தில் வைத்துப் புறப்படுங்கள்.