சம்பளச் சீட்டில் இரண்டு எழுத்து

ஜெர்மனியில் கத்தோலிக்கராகவோ புராட்டஸ்டன்டாகவோ பதிவு செய்தால் வருமான வரியோடு சர்ச் வரியும் பிடிப்பார்கள். பவேரியா, பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலங்களில் வருமான வரியில் 8 விழுக்காடு, மற்றவற்றில் 9. எங்களுக்கும் மாதந்தோறும் பிடித்தார்கள். ஆனால் மகளின் புதுநன்மைக்கு (முதன்முதலாக நற்கருணை பெறும் சடங்கு) கத்தோலிக்க ஆலயத்தில் பெயர் கொடுக்கப் போனபோது, எங்கள் குடும்பமே பங்குப் பட்டியலில், அதாவது அந்த ஆலயத்தின் உறுப்பினர் பட்டியலில், இல்லை என்றார் அங்கிருந்த செயலர்.

வரி கட்டிய அத்தாட்சியாகச் சம்பளச் சீட்டை நீட்டினேன். அவர் விரல் வைத்த இடத்தில் 'இவி' என்று இருந்தது. அது புராட்டஸ்டன்ட், கத்தோலிக்கருக்கு 'ஆர்கே' வர வேண்டும். விழுக்காடு ஒன்றுதான் என்பதால் தொகையில் துளியும் மாற்றமில்லை. யாருக்குத் தெரியும்?

அலுவலகச் சம்பளப் பிரிவு, "தானாக வரும் தகவல், நாங்கள் தொட முடியாது" என்றது. வரி அலுவலகம் குடியிருப்புப் பதிவு அலுவலகத்தைக் கைகாட்டியது. அங்கே கொடுத்த பதிவுச் சான்றிதழில் மதமே இல்லை. எனவே எல்லாம் சரி என்றார்கள். இங்குதான் பல நாள் வீணானது.

சாதாரணச் சான்றிதழில் மதம் அச்சாகாது. 'விரிவான' சான்றிதழ் என்று தனியாகக் கேட்க வேண்டும். கேட்டு வாங்கியதும் பிழை வெளிப்பட்டது. ஊர்ப் பங்கிலிருந்து வரவழைத்த திருமுழுக்குச் (ஞானஸ்நானச்) சான்றிதழைக் காட்டினேன், அங்கேயே திருத்தினார்கள். அடுத்த சம்பளச் சீட்டில் 'ஆர்கே' வந்தது, பெரிய நிம்மதி. பங்குக்குத் தகவல் பதிவு அலுவலகத்திலிருந்தே போய்விடுகிறது. மகளின் பெயரை எழுதிக்கொண்டார்கள்.