எஃப்.ஆர்.சி. ரோபோவில் காற்று இணைப்பு: ரிலீஃப் வால்வில் மாட்டிக்கொள்ளாதீர்கள்

எஃப்.ஆர்.சி. என்பது பள்ளி மாணவர் அணிகளுக்கான ரோபோ போட்டி (FIRST Robotics Competition). காற்றழுத்தத்தால் தண்டைத் தள்ளி இழுக்கும் சிலிண்டரை எங்கே பொருத்துவது என்பது உங்கள் ரோபோவைப் பொறுத்தது, அதை விட்டுவிடுகிறேன். காற்று போகும் பாதையையும், போட்டியில் ரோபோவைப் பரிசோதிக்கும்போது எதைப் பார்ப்பார்கள் என்பதையும் மட்டும் சொல்கிறேன். அந்த ஆண்டின் விதிப் புத்தகம் பக்கத்திலேயே இருக்கட்டும்.

1. வரிசை

கம்ப்ரசர், ரிலீஃப் வால்வு (அழுத்தம் மீறினால் தானே திறந்து காற்றை வெளியேற்றுவது), பிரஷர் ஸ்விட்ச், டேங்க், காற்றைத் திறந்துவிடும் வால்வு, ஒரு கேஜ் (அழுத்தமானி). அப்புறம் ரெகுலேட்டர் (அழுத்தத்தைக் குறைத்துத் தருவது), இன்னொரு கேஜ், சோலினாய்டு (மின்சாரத்தால் இயங்கும் வால்வு), சிலிண்டர். ரெகுலேட்டருக்கு முன்னால் அதிகபட்சம் 120 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு), பின்னால் 60.

2. ரிலீஃப் வால்வு

எங்களைத் தடுத்து நிறுத்தியது இதுதான். கம்ப்ரசர் அதிர்கிறதே என்று ஒரு சாண் குழாய் போட்டு வால்வைத் தள்ளி வைத்திருந்தோம். பரிசோதகர் அந்தக் குழாயைத் தொட்டுக் காட்டி, முடியாது என்றுவிட்டார். அவர் சொன்னது நியாயம். குழாய் மடங்கி அடைத்துக்கொண்டால் கம்ப்ரசர் பக்கம் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும், வெளியேற வழி இருக்காது. வால்வு கம்ப்ரசரிலேயே இருக்க வேண்டும், அல்லது பித்தளை போன்ற கெட்டியான ஃபிட்டிங்கில் இருக்க வேண்டும்.

மாட்டினால் மட்டும் போதாது, 125 பிஎஸ்ஐயில் திறக்கும்படி நீங்களே அமைக்க வேண்டும். பிரஷர் ஸ்விட்ச் 120 வாக்கில் கம்ப்ரசரை நிறுத்திவிடும். அதனால் இந்தச் சோதனைக்கு மட்டும் ஸ்விட்சின் இரு முனைகளையும் ஒரு வயரால் இணையுங்கள். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், ஒருவர் கை மெயின் ஸ்விட்சிலேயே இருக்கட்டும். வால்வின் லாக் நட்டைத் தளர்த்தி, திருகை நன்றாக வெளியே எடுத்துவிட்டுத் தொடங்குங்கள். குறைந்த அழுத்தத்திலேயே சீறும். கால் சுற்று கால் சுற்றாக உள்ளே திருகி, கேஜில் 125 வரும்போது நட்டை இறுக்குங்கள். வயரைக் கழற்ற மறக்கவே கூடாது.

3. குழாயும் டேப்பும்

கத்தரிக்கோல் வேண்டாம். குழாய் வெட்டியே வாங்குங்கள். வெட்டு சாய்ந்தால் கசியும். டெஃப்லான் டேப்பை முதல் இரண்டு மரையை விட்டுச் சுற்றுங்கள், இல்லாவிட்டால் பிய்ந்த துணுக்கு சோலினாய்டுக்குள் போய் அடைக்கும்.

4. சோலினாய்டு

12 வோல்ட்டா 24 வோல்ட்டா என்று பார்த்து, அதை இயக்கும் கன்ட்ரோலரிலும் அதே வோல்ட்டை வையுங்கள். ரோபோவை முடக்கியதும் ஒற்றைக் காயில் (மின்சுருள்) கொண்ட வால்வு ஸ்பிரிங்கால் பழைய நிலைக்குத் திரும்பும். இரட்டைக் காயில் கொண்டது கடைசி நிலையிலேயே நிற்கும். பிடித்த பொருளை விடக்கூடாத கைக்கு நான் இரட்டையைத்தான் போடுவேன்.

5. காற்றைத் திறந்துவிடுதல்

எளிதில் எட்டும் இடத்தில், கையால் திறக்கும் வால்வு. திறந்ததும் இரண்டு கேஜும் 0 காட்ட வேண்டும். நடுநிலையில் மூடிக்கொள்ளும் சோலினாய்டு போட்டிருந்தால் சிலிண்டருக்குள் காற்று தங்கும், அதை கேஜ் காட்டாது.

பிற்சேர்க்கை: "வால்வு டிக் என்கிறது, சிலிண்டர் அசையவில்லை" என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். பல சோலினாய்டு வால்வுகள் உள்ளே வரும் காற்றின் பலத்தால்தான் திரும்பும். ரெகுலேட்டரை மிகவும் குறைத்து வைத்தால் அந்த பலம் போதாது. வால்வின் தரவுத்தாளில் குறைந்தபட்ச அழுத்தம் போட்டிருக்கும், அதற்குமேல் வையுங்கள்.