சதுக்கத்தை முதலில் வரையுங்கள்: கடையும் வீடும் கலந்த வளாகத்தை வடிவமைக்கும் முறை

சென்னையில் மூன்று ஏக்கர் மனையில், கீழே கடைகளும் மேலே வீடுகளுமாக ஒரு வளாகம் கட்டப்போவதாக வைத்துக்கொள்வோம். கட்டடங்களை மனையில் அடுக்கி முடித்துவிட்டு, மிஞ்சிய மூலைக்கு வரைபடத்தில் பச்சை வண்ணம் தீட்டித் திறந்தவெளி என்று பெயரிடுவதே நம்மிடையே வழக்கம். இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். மயிலாப்பூரில் கட்டடங்கள் இடிந்தும் எழுந்தும் மாறிக்கொண்டே இருக்க, குளமும் மாட வீதிகளும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. நம் வளாகத்திலும் நிலைக்கப்போவது வெட்டவெளிதான் என்பதால், முதல் கோடு அதற்கே உரியது.

தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019-இன்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில் சாலைகள் நீங்கலாக 10 சதவீத நிலத்தை, ஓ.எஸ்.ஆர். எனப்படும் திறந்தவெளி ஒதுக்கீடாக, தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சி அமைப்பிடம் ஒப்படைத்தாக வேண்டும். மூன்று ஏக்கர் என்பது சுமார் 12,140 சதுர மீட்டர். எப்படியும் கொடுக்கப்போகும் அந்த நிலத்தைப் பின்மூலையில் ஒளிக்காமல், பொதுச்சாலையைத் தொட்டபடி முன்னால் வைத்து, கிழக்கு மேற்காக 30 மீட்டரும் வடக்கு தெற்காக 40 மீட்டரும் கொண்ட சதுக்கமாக்கலாம். எதிரில் இருப்பவரின் முகபாவம் ஏறத்தாழ 25 மீட்டர் வரைதான் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும். சதுக்கம் அதைவிட மிகப் பெரிதானால் அது மைதானமாகிவிடும். இதில் ஒரு சிக்கலும் உண்டு. ஒப்படைத்த நிலத்தைச் சுற்றி மதில் எழும்பிவிட்டால் கடைகள் சுவரைப் பார்த்து நிற்கும் என்பதால், கடைப்பக்க எல்லையில் சுவர் வராது என்பதையும், பராமரிப்பு யார் பொறுப்பு என்பதையும் திட்ட அனுமதி நிலையிலேயே உள்ளாட்சி அமைப்புடன் பேசி எழுத்தில் வாங்கிவிட வேண்டும்.

அடுத்தது வெயில். சென்னையில் சதுக்கத்தைக் காலியாக்குவது மேற்கு வெயில்தான். மே மாதத்தில் மாலை நான்கு மணிக்குச் சூரியன் அடிவானத்திலிருந்து சுமார் 33 பாகை உயரத்தில் இருக்கும். அப்போது மேற்கே நிற்கும் 18 மீட்டர் உயரக் கட்டடத்தின் நிழல் கிழக்கு நோக்கிச் சுமார் 27 மீட்டர் விழும். அதாவது, மேற்குப் பக்கத்தில் மட்டும் உயரமான தொகுதியை நிறுத்தினால், பிள்ளைகள் விளையாட வரும் நேரத்தில் 30 மீட்டர்ச் சதுக்கம் ஏறக்குறைய முழுவதும் நிழலாகிவிடும். தென்கிழக்கு மூலையைக் கட்டாமல் விட்டால், மதியத்துக்குப் பின் வரும் கடற்காற்று உள்ளே புகும்.

மழைக்கும் இதே அக்கறை வேண்டும். ஒரே நாளில் 100 மில்லிமீட்டர் பெய்தால், 1,200 சதுர மீட்டர்ச் சதுக்கத்தில் 1,20,000 லிட்டர் விழும். 12,000 லிட்டர் தண்ணீர் லாரிகள் பத்து வந்து கொட்டியதற்குச் சமம். நடுவில் 400 சதுர மீட்டரை மட்டும் 30 சென்டிமீட்டர் தாழ்த்தி, இரண்டு படிகளும், ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற சரிவில் 3.6 மீட்டர்ச் சாய்தளமும் அமைத்தால், அந்த நீர் முழுவதும் அங்கேயே தங்கி, உறை கிணறுகள் வழியாக மெதுவாக இறங்கும். மற்ற நாட்களில் அதுவே பிள்ளைகள் விளையாடும் களம். ஓரங்களில் புங்கை, மகிழம் போன்றவற்றை நடலாம். வர்தா புயலில் குல்மொஹர் மரங்கள் விழுந்ததைப் பார்த்த எவரும் அதை நடத் தயங்குவார்கள்.

சதுக்கத்தின் உயிர் அதன் ஓரத்தில் இருக்கிறது. நம் திண்ணை எப்படி வீட்டுக்கும் தெருவுக்கும் பொதுவாக இருந்ததோ, அப்படி மூன்று மீட்டர் அகலத்தில் தூண்கள் தாங்கும் நடையைக் கடைகளின் முன் ஓடவிட வேண்டும். ஒரே பெரிய அங்காடிக்கு முழுப் பக்கத்தையும் கொடுத்தால் கண்ணாடிச் சுவர்தான் மிஞ்சும். ஆகவே ஒவ்வொரு கடையின் முகப்பையும் நான்கைந்து மீட்டருக்குள் நிறுத்தி, டிபன் கடை, மருந்துக் கடை, தையற்கடை, மழலையர் காப்பகம் எனக் காலை முதல் இரவு வரை மாறி மாறி ஆள் நடமாடும்படி கலக்க வேண்டும். டிபன் கடை வரப்போகும் இடத்தில் புகைபோக்கிக் குழாய் மொட்டை மாடி வரை செல்ல வழி விடாவிட்டால், மூன்றாம் மாடி வீட்டில் காயப்போட்ட துணியில் வடை வாசனை அடிக்கும், பிறகு வழக்குத்தான். வீடுகளின் கூடமும் சமையலறையும் சதுக்கத்தைப் பார்க்க, படுக்கையறைகள் மறுபக்கம் திரும்பியிருப்பது நல்லது. குடியிருப்போரின் படிக்கட்டு வாசல் கடைகளிலிருந்து தனித்து, ஆனால் சதுக்கத்திலேயே திறக்கட்டும்.

வாகனங்கள் வெளிச்சாலையிலிருந்தே நேராக அடித்தளத்துக்கு இறங்கிவிட வேண்டும். அந்த அடித்தளம் ஒப்படைத்த நிலத்துக்குக் கீழே நீளக்கூடாது. தீயணைப்பு வண்டிக்கு 6 மீட்டர்ப் பாதையும் 9 மீட்டர்த் திருப்ப ஆரமும் விட்டு, வண்டியின் எடையைத் தாங்கும்படி தளம் போட வேண்டும். இருசக்கர வண்டிகளைத் தடுப்புக் கட்டைகளால் நிறுத்திவிடலாம் என்று நம்ப வேண்டாம். சக்கர நாற்காலி நுழையும் இடைவெளியில் பைக்கும் நுழையும். கடைகளுக்கு இருபதடி தூரத்தில், நிழலில், காசில்லாமல் நிறுத்த இடம் கொடுப்பது ஒன்றே வழி. பூக்காரருக்கும் இளநீர்க்காரருக்கும் ஒரு குழாயும் ஒரு விளக்கும் வரைபடத்திலேயே குறிக்கப்பட்டிருந்தால், அவர்கள் நடைபாதையை மறித்து நிற்க நேராது.