நுகர்வோர் அறிவியலில் முதுநிலை, முனைவர் பட்டம்: எங்கே தாமதமாகும்?

குடும்பங்கள் எப்படிச் செலவழிக்கின்றன, சேமிக்கின்றன, கடன்படுகின்றன, சந்தையில் எங்கே ஏமாறுகின்றன என்று ஆராய்வது நுகர்வோர் அறிவியல். பொருளியல், வணிகவியல், உளவியல், மனையியல் படித்தவர்கள் விண்ணப்பிக்கலாம். நுண்பொருளியலும் அடிப்படைப் புள்ளியியலும் படிக்காமல் வந்தால் முதலில் அவற்றை முடிக்கச் சொல்வார்கள். அவற்றுக்குக் கிடைக்கும் கிரெடிட்கள் (படிப்பின் அளவைக் காட்டும் புள்ளிகள்) பெரும்பாலும் பட்டக் கணக்கில் சேராது. எனவே சேரும் முன்பே முடித்துவிடுவது லாபம்.

விண்ணப்பத்தில் வலுக்குறைவது பெரும்பாலும் நோக்க அறிக்கைதான். 'மக்களுக்கு உதவ ஆசை' என்று எழுதினால் யாரும் இரண்டாம் முறை படிக்க மாட்டார்கள். 'முதுமைக்கான சேமிப்பைச் சம்பளக்காரர்கள் ஏன் தள்ளிப்போடுகிறார்கள்' என்பதுபோல ஒரு கேள்வியைச் சொல்லி, அதற்குப் பொருந்தும் நெறியாளரையும் குறிப்பிடுங்கள். அவர் அடுத்த இரண்டு ஆண்டுகள் விடுப்பில் போகமாட்டாரா என்று நாசூக்காகக் கேட்டுக்கொள்வதும் நல்லது.

அமெரிக்க முறையில் முதுநிலைக்கு வழக்கமாக 30 முதல் 36 கிரெடிட். மதிப்பெண் சராசரி 4-க்கு 3.0-க்குக் கீழே போகக்கூடாது. ஐரோப்பாவில் இரண்டு ஆண்டு முதுநிலைக்கு 120 இசிடிஎஸ் (ஐரோப்பியக் கிரெடிட்). ஆய்வேடு எழுதலாம், அல்லது அதற்குப் பதில் தேர்வோ திட்டப்பணியோ செய்யலாம். முனைவர் பட்டம் மனதில் இருந்தால் ஆய்வேட்டையே எடுங்கள். முனைவர் பட்டத்தில் பாடங்கள், தகுதித் தேர்வு, ஆய்வு முன்மொழிவு, ஆய்வேடு, வாய்மொழித் தேர்வு என்று வரிசை நீளும்.

புள்ளியியலில் ஒரு பாடம் போதாது. கடனைக் கட்டினாரா இல்லையா என்ற ஆம்-இல்லை விடைக்குச் சாதாரண ரெக்ரெஷன் (ஒன்று மாறினால் இன்னொன்று எவ்வளவு மாறும் என்று கணிக்கும் முறை) சரியாக உட்காராது. அத்தகைய விடைகளுக்கென்றே உள்ள லாஜிட் என்ற முறை தெரிய வேண்டும்.

உண்மையில் காலத்தை விழுங்குவது தரவு. சொந்தமாகக் கருத்துக்கணிப்பு நடத்தினால், நெறிமுறைக் குழுவின் அனுமதி கைக்கு வந்த பிறகே முதல் கேள்வித்தாள் வெளியே போக வேண்டும். அதற்கு முன் வாங்கிய பதில்களை ஆய்வேட்டில் சேர்க்க விடமாட்டார்கள்.

ஏற்கெனவே உள்ள தரவு எளிது என்று நினைப்பவர்கள் வேறு குழியில் விழுகிறார்கள். அமெரிக்க மத்திய வங்கி 3 ஆண்டுக்கு ஒருமுறை நடத்தும் நுகர்வோர் நிதிக் கணக்கெடுப்பில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தரவுக் கோப்பில் 5 வரிசைகள் இருக்கும். விடுபட்ட பதில்களை 5 விதமாக மதிப்பிட்டு நிரப்பியதன் விளைவு அது. அவற்றை 5 குடும்பங்களாக எண்ணினால் மாதிரி ஐந்து மடங்கு வீங்கி, பிழை அளவு சுருங்கி, இல்லாத தொடர்பெல்லாம் இருப்பதாகத் தெரியும். பணக்காரக் குடும்பங்களை அதில் வேண்டுமென்றே அதிகம் சேர்த்திருக்கிறார்கள். ஒவ்வொரு குடும்பமும் நாட்டில் எத்தனை குடும்பங்களுக்கு நிகர் என்று காட்டும் எடைகளைப் போடாமல் சராசரி எடுத்தால் நாடே செல்வந்தர் நாடாகிவிடும்!

முதுநிலை ஆய்வுக் குழுவில் பெரும்பாலும் 3 பேர்; முனைவர் பட்டத்துக்கு ஒருவராவது கூடுவார், வேறு துறையிலிருந்தும் ஒருவரைக் கேட்பது உண்டு. வாய்மொழித் தேர்வுக்கு இரண்டு வாரம் முன்பாவது முழு வரைவை அவர்களுக்குக் கொடுங்கள். தேர்வில் தேறியதும் கொண்டாட வேண்டாம். திருத்திய பிரதியைப் பல்கலைக்கழகம் சொன்ன ஓர அளவு, பக்க எண் முறைப்படி கெடுவுக்குள் ஒப்படைக்காவிட்டால், இன்னொரு பருவத்துக்குப் பதிந்து கட்டணம் கட்ட நேரிடும்.