‘புட் அப் வித்’: எங்கே எழுதலாம், எங்கே எழுதக்கூடாது

திருகோணமலையில் ஓஎல் (சாதாரண தரப் பரீட்சை) பிள்ளைகளின் ஆங்கிலக் கட்டுரைகளைத் திருத்தும்போது சிவப்புப் பேனா அடிக்கடி நிற்கும் இடம் இது. வேர்ப், டென்ஸ் தெரியும் என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

படி 1: மூன்றையும் ஒரே சொல்லாகப் பிடியுங்கள். பிடிக்காத ஒன்றைச் சகித்துக்கொண்டு இருப்பதுதான் பொருள். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் மத்தியான வெக்கை தாங்காது, ஆனாலும் இருக்கிறோம்: ‘வீ புட் அப் வித் த ஹீட்.’ இறந்தகாலத்திலும் ‘புட்’தான்.

படி 2: ‘வித்’துக்குப் பின்னால் பெயர்ச்சொல் வரவேண்டும். வினை வந்தால் ‘இங்’ சேருங்கள். 2009இல் பாலம் திறக்கும்வரை கிண்ணியாச் சனம் பாதைக்கு (அக்கரை சேர்க்கும் படகுக்கு) காத்துக் கிடந்தது: ‘தே புட் அப் வித் வெயிட்டிங் ஃபோர் த ஃபெரி.’ ‘டு வெயிட்’ என்றால் பிழை. ‘இட்’, ‘ஹிம்’ எல்லாம் கடைசியில்தான் வரும், நடுவில் நுழையாது.

படி 3: இங்கே கொஞ்சம் ஆறுதலாக நில்லுங்கள். ‘தாங்கிக்கொள்’ என்று பாடமாக்கியவர்கள் எல்லாத் துன்பத்துக்கும் இதையே எழுதுகிறார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமியில் பிள்ளையைப் பறிகொடுத்த தாயைப் பற்றி ‘ஷீ புட் அப் வித் இட்’ என்று எழுதினால், பக்கத்து வீட்டு ரேடியோச் சத்தத்தைச் சகித்த மாதிரிக் கேட்கும். அந்த இழப்பை அப்படிச் சிறுப்பிக்கக் கூடாது. ‘ஷீ வென்ட் த்ரூ அ லொட்’ என்று எழுதுங்கள். பட்ட துயரத்துக்குக் ‘கோ த்ரூ’. எரிச்சல், இடைஞ்சல், ஓயாத முதுகுவலி, அடங்காத ஆள், இவற்றுக்குப் ‘புட் அப் வித்’. கட்டுரை ஒன்றில் இரண்டும் தேவைப்படலாம்: சுனாமியில் பட்டதற்குக் ‘கோ த்ரூ’, பிறகு முகாமில் தண்ணீருக்கு வரிசையில் நின்றதற்குப் ‘புட் அப் வித்’.

ஆங்கிலம்-தமிழ் அகராதி இந்த வேறுபாட்டைப் பெரும்பாலும் காட்டாது. ஒக்ஸ்ஃபோர்ட் அட்வான்ஸ்ட் லேர்னர்ஸ் டிக்ஷனரியைத்தான் நான் வாங்கச் சொல்வேன். ‘புட்’ என்ற சொல்லின் கீழே தேடுங்கள். உதாரண வாக்கியங்களை வாய்விட்டு வாசியுங்கள், அழுத்தம் ‘அப்’பில் விழட்டும்.

பின்சேர்க்கை: ‘வித்’தை விட்டுவிட்டு எழுதலாமா என்று கேட்டிருந்தீர்கள். முடியாது. ‘வீ புட் அப் அ டென்ட்’ என்றால் கூடாரம் அடித்தோம் என்றாகிவிடும்.