கிளிப்பை வைத்து ஷோவை எடை போடாதீர்கள்: பிரிட்டிஷ் ஸ்கெட்ச் காமெடியை ஒப்பிடுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் மட்டும் மூன்று கட்டுரைகள் படித்துப் பார்க்கச் சொல்லி என்னிடம் வந்தன. எழுதிய மூவரும் இளைஞர்கள். பிரிட்டிஷ் டிவியின் மூன்று காமெடி ஷோக்களை வைத்து, மூன்றுக்கும் கொஞ்சம் முன்பின்னாக ஒரே தலைப்பு: மான்டி பைத்தான் பெரிதா, ஃபாஸ்ட் ஷோ பெரிதா, மிட்செல் அண்ட் வெப் பெரிதா? மூன்றிலும் பன்னிரண்டு வருடம் முன்பு நான் செய்த அதே கோளாறுகள், அச்சு அசலாக. என் பழைய நோட்டை யாரோ பரணிலிருந்து எடுத்துக் காப்பியடித்துவிட்டார்களோ என்றே தோன்றியது.

சென்னையில் ‘ஸ்கெட்ச்’ என்றால் ஆளைத் தூக்கப் போடுகிற திட்டம். நான் சொல்வது வேறு ஸ்கெட்ச். இரண்டு மூன்று நிமிடத்தில் முடிகிற தனித்தனிக் காமெடிக் காட்சிகளை அடுக்கி அரை மணி, முக்கால் மணி நேரம் ஓட்டுகிற நிகழ்ச்சி. மிஸ்டர் பீனை இந்தக் கணக்கில் சேர்ப்பது, ஃபால்ட்டி டவர்ஸ் என்ற காமெடித் தொடரை ஸ்கெட்ச் ஷோ என்பது போன்ற தவறுகளை இங்கே தொடப்போவதில்லை. அதையெல்லாம் திருத்த ஊரில் ஆள் உண்டு.

பிள்ளை யாருடையது என்று விசாரிக்காமல் பெயர் வைப்பது

கோட்டு சூட்டு போட்ட நான்கு பணக்காரர்கள் ஒயின் குடித்தபடி, சின்ன வயதில் யார் அதிக வறுமையில் வளர்ந்தது என்று போட்டி போடுவார்கள். ஸ்கெட்ச்சின் பெயர் ‘நான்கு யார்க்‌ஷயர்காரர்கள்’. வந்த மூன்று கட்டுரைகளில் இரண்டு இதை மான்டி பைத்தானின் உச்சம் என்கின்றன. நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் எழுதினேன்.

பைத்தான் குழு டிவிக்கு எடுத்தது மொத்தம் 45 எபிசோடு. ஒன்றில்கூட அது கிடையாது. 1967-இல் ஐடிவி சேனலில் வந்த ‘அட் லாஸ்ட் த 1948 ஷோ’வின் சரக்கு அது. ஜான் க்ளீஸ், கிரஹாம் சாப்மன், டிம் புரூக்-டெய்லர், மார்ட்டி ஃபெல்ட்மன் என்று நான்கு பேர். இவர்களில் க்ளீஸும் சாப்மனும் மட்டுமே பிறகு பைத்தான் ஆனவர்கள். பின்னால் பைத்தான் குழு மேடைகளில் இதைப் போட்டது, அந்த மேடைப் பதிவுதான் உலகமெல்லாம் சுற்றியது. ஒரு ஷோவின் மார்க்கை இன்னொரு ஷோவுக்குப் போட்டுவிட்டு ஒப்பிட்டால் என்ன மிஞ்சும்?

இதிலேயே இன்னொரு வகை உண்டு. ரானி பார்க்கர், ரானி கார்பெட் இருவரும் நடத்திய ‘த டூ ரானீஸ்’ ஷோவில் எழுத்தாளர் பட்டியலில் ஜெரால்ட் வைலி என்ற பெயரைப் பார்த்து, “வைலியின் நகைச்சுவை பார்க்கரின் நடிப்பைத் தூக்கி நிறுத்துகிறது” என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறார். வைலியே ரானி பார்க்கர்தான். தன் எழுத்தை ஆள் பார்த்து ஏற்றுக்கொள்ளக் கூடாது என்று புனைபெயரில் அனுப்பிக்கொண்டிருந்தார். கடைசியில் ஒரு சீன ஹோட்டலுக்கு எல்லோரையும் விருந்துக்கு வரவழைத்து, எழுந்து நின்று, நான்தான் அது என்றார்.

சப்டைட்டிலை நம்பி வார்த்தை விளையாட்டுக்குத் தீர்ப்பு சொல்வது

டூ ரானீஸின் 1976 ஹார்டுவேர் கடை ஸ்கெட்ச். பார்க்கர் வந்து ஏதோ கேட்கிறார். கடைக்காரர் கார்பெட் நான்கு மெழுகுவத்தியை எடுத்து வைக்கிறார். பார்க்கர் கேட்டதோ ‘ஃபோர்க் ஹேண்டில்ஸ்’. ‘ஹ’வை விழுங்கிப் பேசுகிற ஆளின் வாயில் அது ‘ஃபோர் கேண்டில்ஸ்’ ஆகிவிடுகிறது. நம் ஊரில் ழகரம் வராதவரிடம் கிளியா கிழியா என்று குழம்புகிற கதைதான். சப்டைட்டிலை நம்பி நான் இதைத் தமிழில் விளக்கப் போய் ‘முள்கரண்டிப் பிடி’ என்று எழுதினேன். சாப்பாட்டு மேஜை முள்கரண்டிக்கு எவன் தனியாகப் பிடி வாங்குவான்? அது தோட்டத்தில் மண்ணைக் கிளறுகிற பெரிய முள்கருவி, அதன் மரக்கைப்பிடி. பாதி ஜோக்கைத் தவறாகப் புரிந்துகொண்டு, “சற்றுச் சவசவ” என்று மார்க்கும் குறைத்திருந்தேன்.

கிளிப் பார்த்து ஷோவை ஒப்பிடுவது

இதைப் பற்றிப் பேச்செடுத்தால் இன்னமும் எரிச்சல் வருகிறது. பாதி எரிச்சல் எழுதுகிறவர்கள்மேல், பாதி என்மேல்.

ஒரு சிறுபத்திரிகைக்கு ஐந்து பகுதியாகத் தொடர் எழுத ஒப்புக்கொண்டிருந்தேன். நான்கு மாதம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து யூட்யூபில் கிளிப் பார்த்தேன். இருநூறுக்கு மேல். நோட்டில் கோடு போட்டு ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இத்தனை என்று மார்க். கூட்டிப் பார்த்தால் மிட்செல் அண்ட் வெப் முதலிடம், மான்டி பைத்தான் இரண்டாமிடம், ஃபாஸ்ட் ஷோ கடைசி. கணக்குப் போட்டு வந்த முடிவாயிற்றே, எனக்கு ஒரே தெம்பு.

இரண்டு பகுதி அச்சில் வந்தபின் ஒரு வாசகர் கூட்டத்தில் பேசக் கூப்பிட்டார்கள். பேசி முடித்ததும் பின்வரிசையில் ஒரு பெரியவர் எழுந்தார். எழுபதுகளில் இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் இன்ஜினியராக இருந்தவர்.

“தம்பி, நீங்க சொன்னதுல ஏதாவது ஒண்ணையாவது முழு எபிசோடா பாத்திருக்கீங்களா?”

“முக்கியமானதெல்லாம் பாத்திருக்கேன் சார்.”

“முக்கியமானதுன்னு யாரு சொன்னா?”

உட்கார்ந்துவிட்டார். நானும் உட்கார்ந்திருக்கலாம். நின்றுகொண்டே ஏதோ உளறினேன். மூன்றாவது பகுதியை அனுப்பவில்லை. தொடர் அத்தோடு நின்றது, பத்திரிகைக்காரர் ஒரு வருடம் என்னோடு பேசவில்லை.

பிறகு சொந்தக் காசில் லண்டனிலிருந்து டிவிடி பெட்டிகள் வரவழைத்தேன். அது தனிக் கொடுமை. இங்கிலாந்து டிஸ்க் ரீஜன் 2, இந்தியா ரீஜன் 5. வீட்டு பிளேயர் டிஸ்க்கை உள்ளே இழுத்து, கொஞ்ச நேரம் உறுமி, வெளியே துப்பியது. ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒருவர் ரிமோட்டில் என்னவோ எண்ணைத் தட்டித் திறந்துவிட்டார்.

முதலில் போட்டது செத்த கிளி வருகிற பைத்தான் எபிசோடு. 1969 டிசம்பரில் ஒளிபரப்பானது. கடையில் வாங்கிய கிளி செத்துவிட்டது என்பதை க்ளீஸ் கடைக்காரரிடம் இருபது விதமாகச் சொல்வாரே, கிளிப் அத்தோடு நின்றுவிடும். எபிசோடில் ஸ்கெட்ச் நிற்பதில்லை. வேறு கிளி வேண்டுமென்றால் போல்ட்டன் என்ற ஊரில் இருக்கிற என் தம்பி கடைக்குப் போ என்கிறார் கடைக்காரர். போனால் அதே கடை, அதே ஆள், ஒட்டு மீசை மட்டும் புதிது. இது போல்ட்டன் இல்லை, இப்ஸ்விச் என்கிறான். ரயில்வேயில் புகார் கொடுக்கப் போகிறார் க்ளீஸ். குழப்பம் முற்றும்போது ராணுவ உடையில் சாப்மன் உள்ளே வந்து, ரொம்ப அசட்டுத்தனமாகிவிட்டது, நிறுத்து என்று உத்தரவு போடுகிறார். அந்த எபிசோடு முழுக்க இவர் இப்படி நுழைந்து நுழைந்து ஆட்களை விரட்டுகிறார். ஸ்கெட்ச்சுக்குப் பஞ்ச்லைன் என்று கடைசிச் சிரிப்பு வசனம் வைத்து முடிக்கும் வழக்கத்தையே தூக்கிப் போட வந்தவர்கள் அவர்கள். அதைச் சரியாகப் பஞ்ச்லைன் இடத்தில் வெட்டி எடுத்து வைத்துக்கொண்டு நான் மார்க் போட்டிருக்கிறேன்.

கிளி முடிந்ததும் பைத்தானின் மரம்வெட்டிப் பாட்டு வரும் என்று நினைக்கிறீர்களா? 1971-இல் வந்த சினிமா வடிவத்தில்தான் அந்த வரிசை. டிவியில் அந்தப் பாட்டு அடுத்த எபிசோடில், கொலைவெறி பிடித்த முடிதிருத்துபவர் ஸ்கெட்ச்சிலிருந்து கிளம்புகிறது. சினிமாவைப் பார்த்துவிட்டு டிவி ஷோவின் “கோர்வை” பற்றி அரைப் பக்கம் எழுதியவன் நான்.

ஃபாஸ்ட் ஷோவுக்கு நான் செய்த அநியாயம் இதைவிடப் பெரிது. 1994-இல் பிபிசி2-இல் தொடங்கியது. பால் வைட்ஹவுஸும் சார்லி ஹிக்சனும் முன்னால் நின்று செய்தது. பெயருக்கேற்ற வேகம், சில ஸ்கெட்ச் அரை நிமிடம்கூட இல்லை. ஒரே ஆட்கள் வாராவாரம் வந்து ஏறக்குறைய ஒரே வசனத்தைச் சொல்லிவிட்டுப் போவார்கள். கிளிப்பாகப் பார்த்தால், இதில் என்ன இருக்கிறது என்றுதான் தோன்றும். அதில் டெட், ரால்ஃப் என்று ஒரு ஜோடி. ரால்ஃப் கூச்ச சுபாவமுள்ள எஸ்டேட் முதலாளி. டெட் அவர் நிலத்தில் வேலை செய்கிற அயர்லாந்துக்காரர். முதலாளிக்கு வேலைக்காரர்மேல் காதல், சொல்ல வாய் வராது. வயல் வடிகால் எப்படியிருக்கிறது என்று ஆரம்பித்து எங்கெங்கோ வளைத்துக் கொண்டுவருவார். அதைப்பத்தி எனக்கொண்ணும் தெரியாதுங்க என்கிற மாதிரி டெட் மண்ணைப் பார்ப்பார். அவ்வளவுதான்.

முதல் முறை பார்த்தபோது நான் போட்ட மார்க் பத்துக்கு மூன்று. டிஸ்க்கில் வரிசையாகப் பார்க்கும்போது நான்காவது, ஐந்தாவது முறையில் ரால்ஃப் தூரத்தில் நடந்து வருவதைக் கண்டதுமே வயிற்றில் ஏதோ செய்தது. ஒரு முறை ரால்ஃப் வழக்கம்போல வளைத்து வளைத்துப் பேசிக்கொண்டிருக்க, தன் மனைவி இறந்துவிட்டதாக டெட் சொல்கிறார். முந்தைய வாரங்களைப் பார்க்காதவனுக்கு அது ஒரு செய்தி. பார்த்தவனால் உட்கார்ந்திருக்க முடியாது.

என் பட்டியலில் மிட்செல் அண்ட் வெப் ஏன் முதலிடம் என்பது அப்போதுதான் விளங்கியது. தொப்பியில் மண்டையோடு இருக்கிறதே, ஒருவேளை நாம்தான் கெட்டவர்களோ என்று இரண்டு நாஜி அதிகாரிகள் பேசிக்கொள்வதைப் புரிந்துகொள்ள முன்கதை எதுவும் வேண்டாம். டூ ரானீஸின் ஹார்டுவேர் கடை, விக்டோரியா வுட் எழுதி ஜூலி வால்டர்ஸ் தள்ளாடித் தள்ளாடி இரண்டு சூப் கொண்டுவருகிற ஸ்கெட்ச், எல்லாம் இந்த ஜாதி. எங்கே வேண்டுமானாலும் வெட்டி எடுத்துப் போகலாம். நான் நான்கு மாதம் அளந்தது எது சுலபமாக வெட்ட வருகிறது என்பதை. எது நல்ல காமெடி என்று நான் பார்க்கவே இல்லை.

கிளிப்பில் இன்னொரு திருட்டுத்தனமும் உண்டு. தோற்றுப்போன ஸ்கெட்ச்சை யாரும் ஏற்றுவதில்லை. எல்லா ஸ்கெட்ச் ஷோவும் பாதிக்குப் பாதி சொதப்பும். எது ஹிட், எது மிஸ் என்று முன்கூட்டியே பட்டியல் வைத்துக்கொண்டு படமெடுப்பதாக மிட்செலும் வெப்பும் தங்களையே கிண்டலடித்து ஒரு ஸ்கெட்ச் செய்திருக்கிறார்கள். அந்த மிஸ்களையும் உட்கார்ந்து பார்த்தவருக்குத்தான் ஒப்பிடும் உரிமை. ஒரு ஷோவுக்குக் குறைந்தது மூன்று முழு எபிசோடாவது பாருங்கள். முதல் சீரீஸில் ஒன்று, நடுவில் ஒன்று, கடைசியில் ஒன்று. ஃபாஸ்ட் ஷோ மாதிரி என்றால் ஒரு சீரீஸை முழுதாக, தொடர்ச்சியாக. நேரமில்லை என்றால் ஒப்பிடாதீர்கள், பிடித்த ஸ்கெட்ச் பத்து என்று எழுதுங்கள். அதுவும் நல்ல கட்டுரைதான்.

டப்பாச் சிரிப்பு என்று திட்டுவது

பின்னணியில் கேட்கிற சிரிப்பு பதிவு செய்து ஒட்டியது என்று நினைக்கிறார்கள். பெரும்பாலும் ஸ்டுடியோவில் நிஜ ஆட்கள் உட்கார்ந்து சிரித்தது.

எத்தனை பேர் பார்த்தார்கள் என்று ஜெயித்தவரைச் சொல்வது

எழுபதுகளில் பிரிட்டனில் இருந்ததே மூன்று சேனல். 1977 கிறிஸ்துமஸ் அன்று வந்த மோர்கம் அண்ட் வைஸ் காமெடி ஷோவுக்கு ஒரு கணக்கில் 2.8 கோடி பேர், இன்னொரு கணக்கில் 2.1 கோடி பேர்.

பக்கத்துச் சேனலை மறப்பது

‘நாட் த நைன் ஓ’க்ளாக் நியூஸ்’ என்ற ஷோவின் பெயரை, ‘ஒன்பது மணிச் செய்தி அல்ல’ என்பதை, ஏதோ தத்துவம் போல அலசியிருந்தார் ஒருவர். விஷயம் எளிது. பிபிசி1-இல் ஒன்பது மணிச் செய்தி ஓடும்போது பிபிசி2-இல் இது ஓடியது. 1979 முதல் 1982 வரை வந்தது. அன்றன்றைய செய்தியைத் தின்று வளர்ந்தது. பைத்தான் குழுவின் சினிமா ஏசுவைக் கேலி செய்கிறது என்று 1979 நவம்பரில் ஒரு பிஷப்பும் பத்திரிகையாளர் மால்கம் மகரிட்ஜும் டிவி விவாதத்தில் அந்தக் குழுவின் க்ளீஸையும் மைக்கேல் பேலினையும் பிடி பிடியென்று பிடித்தார்கள். இந்த ஷோக்காரர்கள் அதை அப்படியே தலைகீழாக்கினார்கள். பிஷப் ஒருவர் ஏசுவைப் பற்றிப் படமெடுத்துவிட்டார், அது புனிதர்களான மான்டி பைத்தானைக் கேலி செய்கிறது என்று அவரை நிற்கவைத்துக் கேள்வி கேட்கிறார்கள். மூல விவாதம் தெரியாமல் பார்த்தால் பாதிதான் பிடிபடும். 1969-இல் எடுத்த கிளி இன்றும் செத்தே கிடக்கிறது, செய்திக் காமெடி மறுவாரமே பழசாகிவிடுகிறது. இரண்டையும் ஒரே தராசில் வைக்கலாமா என்று ஒரு நிமிடம் யோசித்துவிட்டு வையுங்கள்.

“நம்ம ஆளுங்க ஷோ” என்று சலுகை கொடுப்பது

பிரிட்டிஷ் இந்தியர்கள் நடித்த ‘குட்னஸ் கிரேஷஸ் மீ’ நம்மைப் பற்றியது, நம் கிண்டல் நமக்குப் புரியும் என்று இறங்குவார்கள். சஞ்சீவ் பாஸ்கர், மீரா சியால், குல்விந்தர் கிர், நினா வாடியா நடித்தது. ரேடியோவில் பிறந்து 1998-இல் டிவிக்கு வந்தது. பம்பாயில் ஒரு ஹோட்டலுக்கு இங்கிலீஷ் சாப்பாடு சாப்பிட ஒரு கூட்டம் குடித்துவிட்டு வரும். இருப்பதிலேயே உப்புச்சப்பில்லாததைக் கொண்டுவா என்று ஒருவன் ஜம்பமடிப்பான். சர்வரின் பெயரை வாயில் வந்தபடி கொலை செய்வார்கள். சென்னையில் கல்லூரிப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டினேன். உச்சரிப்பைக் கேட்டுச் சிரித்தார்கள். அடி யாருக்கு விழுகிறது என்பது எட்டவில்லை. பப்பில் குடித்துவிட்டுக் கறி ஹவுஸ் எனப்படும் இந்தியச் சாப்பாட்டு ஹோட்டலுக்குப் போய், இருப்பதிலேயே காரமானதைக் கேட்டு, சர்வரை மட்டம் தட்டுகிற பிரிட்டிஷ் வெள்ளிக்கிழமை ராத்திரியைத் தெரிந்தவனுக்கு எடுத்த ஸ்கெட்ச் அது. நம் தோல் நிறம் நமக்கு அதில் இலவச டிக்கெட் தராது.

இருப்பதை மட்டும் வைத்து “முதன்முதலில்” என்று எழுதுவது

காமெடியன் ஸ்பைக் மில்லிகனின் ‘க்யூ5’ ஷோ பைத்தானுக்கு ஆறு மாதம் முன்பே வந்தது. நாம் செய்ய நினைத்ததை இவர் செய்துவிட்டாரே என்று பைத்தான் ஆட்களே திகைத்தார்கள். க்யூ5-ஐ இயக்கிய இயன் மெக்நாட்டனையே தங்களுக்கும் கூப்பிட்டுக்கொண்டார்கள். அதன் ஏழு எபிசோடில் பெரும்பாலானவை இன்று கிடையாது. டேப் விலை அதிகம் என்று அழித்து மேலே வேறு பதிந்துவிட்டார்கள். பீட்டர் குக், டட்லி மூர் ஷோவுக்கும் அதே கதி.

பாட்டை ஓட்டிவிட்டுப் பார்ப்பது

முழு எபிசோடு பார்க்க ஆரம்பித்த புதிதில் டூ ரானீஸின் நடுவே வரும் விருந்தினர் பாட்டை நான் பார்க்காமல் வேகமாக ஓட்டிவிடுவேன். காமெடியை ஒப்பிடுகிறவனுக்குப் பாட்டெதற்கு? கோவென்ட்ரி பெரியவரிடம் ஒருநாள் போனில் இதைச் சொன்னேன். இதற்குள் அவர், சேர்ந்து உட்கார்ந்து ஷோ பார்க்கிற எங்கள் மாதக் கூட்டத்தின் நிரந்தர ஆள்.

“அதை எதுக்குத் தம்பி ஓட்டுறீங்க? அப்பத்தானே வீட்டுக்காரி எந்திரிச்சுப் போயி டீ போடுவா. திரும்பி வர்றதுக்குள்ள பாட்டு முடிஞ்சிருக்கும். எல்லாரும் புதுசா நிமிந்து உக்காருவோம்.”

சனிக்கிழமை ராத்திரி, குடும்பம் முழுக்க ஒரே சோபாவில் இருக்கும் என்று கணக்குப் போட்டுக் கட்டிய முக்கால் மணி நேரம் அது. இப்போது எங்கள் கூட்டத்தில் பாட்டு வந்தால் நானே எழுந்து அடுப்படிக்குப் போகிறேன். பன்னிரண்டு பேருக்கு டீ. அங்கே வெந்நீரில் பையை முக்கினால் வேலை முடிந்தது. இங்கே பால் பொங்கி, தூள் போட்டு, வடிகட்டி, ஆற்றிக் கொண்டுவருவதற்குள் அடுத்த ஸ்கெட்ச் முடிந்து எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள்.