உவர்மலையில் இருந்துகொண்டு ஒரேகன் ஊர்ப் பழசைத் தேடுவது

அமெரிக்காவின் ஒரேகன் மாநிலத்தில் இருக்கிற தங்கச்சியின் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் ஒப்படை: ஊரில் முதலில் குடியேறியவர்கள் எப்படி வாழ்ந்தார்கள்? "பெரியம்மா, நீங்கள்தானே பழசு கிண்டுவீர்கள்" என்று என் தலையில் கட்டிவிட்டாள். திருகோணமலையில் இருந்தே போனில் தேடலாம், காசு அவ்வளவாகப் போகாது.

முதலில் குடிசன மதிப்பீடு. ஃபேமிலிசேர்ச் என்ற குடும்ப வரலாற்றுத் தளத்தில் இலவசமாகக் கணக்குத் திறந்து ஊர்ப் பெயரைப் போடுங்கள். 1890 ஆம் ஆண்டைத் தேடி மினக்கெட வேண்டாம், 1921 தீ விபத்தோடு அநேகமாக முழுதும் போய்விட்டது. 1900 தாளை மட்டும் ஆறுதலாகப் பாருங்கள். ஒவ்வொரு தாயின் பெயருக்கு நேரேயும் பெற்ற பிள்ளைகள் எத்தனை, உயிரோடு இருப்பது எத்தனை என்று இரண்டு இலக்கங்கள் இருக்கும். அந்த இரண்டையும் கழித்துப் பார்த்துவிட்டு நான் போனைக் கொஞ்ச நேரம் கீழே வைத்துவிட்டேன்.

அடுத்தது காணி, என்னைக் கேட்டால் இதுதான் முக்கியம். ஹோம்ஸ்டெட் என்ற 1862 குடியேற்றக் காணிச் சட்டப்படி அரசு 160 ஏக்கர் வரை கொடுத்தது, ஐந்து வருடம் அங்கேயே இருந்து பயிர் செய்து காட்டினால்தான் காணி உறுதி கிடைக்கும், தனியாக இருந்த பெண்களும் கேட்கலாம். உறுதியின் பிரதியை அமெரிக்கக் காணிப் பணியகத்தின் தளத்தில் பெயர் போட்டு எடுக்கலாம். ஆனால் அதோடு நின்றுவிடாதீர்கள், பின்னால் இருக்கிற கோப்பைத் தேசிய ஆவணக் காப்பகத்தில் காசு கட்டிக் கேளுங்கள். வீடு எத்தனை அடி, எதனால் கட்டியது, வேலி போட்டதா, எத்தனை ஏக்கர் உழுதது, எப்போதாவது விட்டுவிட்டுப் போனார்களா, எல்லாவற்றுக்கும் அயலவர் இரண்டு பேர் சாட்சி சொல்லியிருப்பார்கள். இடம்பெயர்ந்து திரும்பி வந்து, நாங்கள் இங்கேதான் இருந்தோம் என்று காட்ட அயல் சனத்தைக் கூட்டிக்கொண்டு விதானையாரிடம் போய் நின்ற எங்களுக்கு அந்தக் கேள்விகள் ஒன்றும் புதிதில்லை.

சாட்சிகளின் பெயர்கள் அவர்கள் சாட்சி சொல்ல முன்பே ஊர்ப் பத்திரிகையில் அறிவித்தலாக வந்திருக்கும். க்ரோனிக்ளிங் அமெரிக்கா என்ற இலவசத் தளத்தில் அந்தப் பெயர்களைத் தேடினால் அயல் முழுக்கப் பிடிபடும். எழுத்துகளை மாற்றி மாற்றிப் போடுங்கள், பெயரைக் கண்டபடி எழுதியிருப்பார்கள்.

ஒன்று, இந்த "முதல் குடிகள்" என்பதை அப்படியே நம்பாதீர்கள். அந்தக் காணியில் முன்பே இருந்த பூர்வகுடிகளைப் பழைய பொதுக் கணக்கெடுப்பில் பெரும்பாலும் சேர்க்கவேயில்லை. அவர்களுக்கென்று ஒதுக்கிய இடங்களில் எடுத்த தனிப் பதிவேடுகள் 1885 முதல் 1940 வரை இருக்கின்றன. பிள்ளையை அதிலும் ஒரு பக்கமாவது பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.